கைத்தராசு

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் மூவர் நின்றிருந்தார்கள்: ஒரு மாமனார், அவருடைய மகன், மகனின் மனைவி. கணினி மருமகளுக்காக, பணமும் அவளுடையது. பிராசசர், மதர்போர்டு, ராம், இரண்டு ஹார்டு டிஸ்க், அலங்காரம் எதுவுமில்லாத ஒரு கேபினெட் ஆகியவற்றுக்குப் பில் போட்டாகிவிட்டது. அவற்றைப் பற்றி எவருக்கும் ஆட்சேபம் இல்லை. எஞ்சியிருந்தது பவர் சப்ளை ஒன்றுதான். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குரிய அளவில் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அது ஒழுங்காக இல்லாவிட்டால், மற்ற உறுப்புகள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தும் பயனில்லை.

மேசைமேல் அப்படிப்பட்ட பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று மருமகள் கேட்டு வாங்கி வைத்தது. மற்றொன்று, “இதைவிடக் குறைச்சலா ஏதாச்சும் இருக்கா?” என்று மாமனார் கேட்டதற்குக் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து தூசி தட்டி இறக்கியது.

“ரெண்டையும் கையில வாங்கிப் பாரும்மா,” என்றார் மாமனார்.

அவள் வாங்கிப் பார்க்கவில்லை. “எடையில என்ன மாமா இருக்கு? இது நானூத்தம்பது வாட்ஸ். என் மெஷினுக்கு முந்நூறுகூட வேணாம். அஞ்சு வருஷம் வாரண்டி. உள்ள என்ன போட்டிருக்கான்னு பிரிச்சுப் பார்த்து நெட்ல எழுதியிருக்காங்க. படிச்சுட்டுத்தான் வந்தேன்.”

“படிச்சே, சரி. அது?”

“அதுல அறுநூத்தம்பதுன்னு போட்டிருக்கு. யாரு செஞ்சாங்கன்னே போடலை. வாரண்டி ஒரு வருஷம், அதுவும் கடைக்காரர் குடுக்குறது.”

“விலை?”

“அது இதுல பாதிங்க,” என்றார் கடைக்காரர்.

மாமனார் வலக்கையில் ஒன்றும் இடக்கையில் ஒன்றுமாகப் பெட்டிகளைத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கைகளை மாற்றிக்கொண்டு மறுபடியும் தூக்கினார். பேரம் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வாடிக்கையாளர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாதி விலை, ஒன்றரை மடங்கு வாட்ஸ், ரெண்டு மடங்கு கனம்,” என்று தீர்ப்புக் கூறிவிட்டு, லேசான பெட்டியைக் கீழே வைத்தார். “இதுல ஒண்ணுமே இல்லம்மா. காத்தை அடைச்சு விக்கிறான். உள்ள செம்பு இருந்தாக் கனக்கும், இரும்பு இருந்தாக் கனக்கும். பேப்பர்ல யாரு வேணா என்ன வேணா எழுதலாம்.”

“ஐயா தூக்குறதைப் பார்த்தா, தராசு செய்யுறவன் எல்லாம் பட்டறையை மூடிட்டுப் போயிடுவான் போலிருக்கே,” என்றார் கடைக்காரர்.

“அவருக்குப் பேரே தராசுதாங்க,” என்று மகன் சிரித்தான்.

அது உண்மை. மாமனார் வேலை பார்த்தது டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் ஆலையில். வெளியே செம்புக் கம்பி சுற்றக் கொடுத்த காயில்கள் திரும்பி வரும்போது, எடை போடும் மேடைக்குப் போகுமுன்பே அவர் கையில் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. செம்பு குறைந்ததை அவர் கை காட்டிக் கொடுத்துவிடும். அவர் ஒதுக்கி வைத்ததை மேடையில் ஏற்றிப் பார்த்தால் முள் அதையே சொல்லும். ஆலையில் ஒட்டிக்கொண்ட பெயர் வீட்டுக்கும் வந்தது. பெயரோடு விதியும் வந்தது. மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளும் அவர் கையில் ஏறி இறங்காமல் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றிய தண்ணீர் மோட்டார் ஒன்றை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் தேர்ந்தெடுத்த மிக்சி, திருமணமாகி வந்த நாளிலிருந்து மருமகள் கையில் ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை. ஆகவே அவர் வெறும் வாய்ச்சொல் வீரர் என்று ஒதுக்க அவளால் முடியவில்லை. அதுதான் சங்கடம்.

அவர் கைக்குப் பழக்கமான டிரான்ஸ்ஃபார்மருக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அவள் முந்தின நாள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். இதற்குள் மின்சாரம் மிக வேகமாக வெட்டி வெட்டி அனுப்பப்படுகிறது. அதனால் சிறிய காயிலே போதும். நல்ல பெட்டியும் லேசாக இருக்கலாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, கடைக்குப் போய்த் தூக்கிப் பார்ப்போம்,” என்று சொல்லியிருந்தார்.

அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. எது நல்லது?”

“ரெண்டும் ஓடுதும்மா. கம்ப்ளெயின்ட் வந்தா மாத்திக் குடுக்குறது என் வேலை. எது நல்லதுன்னு வாயைத் திறந்து சொல்ல ஆரம்பிச்சா நான் கடை நடத்த முடியாது.”

அவள் கணவனிடம் திரும்பினாள். “என்னங்க, நீங்களாவது சொல்லுங்க.”

கணவன் சுவரில் தொங்கிய கீபோர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலேயே உட்கார்ந்து நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் அவன். சொந்தமாக ஒரு கணினி வைத்திருக்கிறவன். இந்தப் பேச்சு விளங்காதவன் அல்லன். “அப்பாவுக்கு இது தொழில். நமக்கு இது படிச்சது. வேற என்ன சொல்றது?” என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு மீண்டும் கீபோர்டுகளிடம் போய்விட்டான்.

“எதைப் போடட்டும்?” என்றார் கடைக்காரர், பேனாவைத் திறந்தபடி.

மூவரும் அவளைப் பார்த்தார்கள். பணம் அவள் கைப்பையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் யாரும் அவள் கையைப் பிடித்துத் தடுத்திருக்க மாட்டார்கள்.

“மாமா சொன்னதையே போடுங்க,” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை அவள் பிற்பாடு பலமுறை யோசித்தாள். ஓர் அச்சு நிறுவனத்தில் பக்கங்களை வடிவமைக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவள் அவள். அந்த வருடத் தொடக்கத்தில் நிறுவனம் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. வேலை போன பிறகு வீட்டில் எவரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை எல்லோரும் சேர்ந்து மிகக் கவனமாகச் செய்தார்கள். அந்தக் கவனந்தான் அவளை அரித்தது. இந்த நிலையில், பள்ளிப் பாடநூல் வெளியிடும் ஒரு பதிப்பகம் அவளுக்கு ஒரு வடிவகணித நூலைச் சோதனையாகக் கொடுக்க முன்வந்தது. இரண்டாம் பருவத்துக்குப் பள்ளி திறக்கும் தேதிக்குள் பிழையில்லாமல் முடித்துக் கொடுத்தால், ஆண்டு முழுவதும் அவர்களுடைய நூல்கள் அவளுக்கே. கணினி மட்டும் அவள் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்து, எவருடைய கவனமான மௌனத்துக்கும் ஆளாகாமல், தன் பெயரில் ஒரு வேலை. அது தொடங்குகிற நாளன்று, அந்தக் கடையில், எல்லோருக்கும் முன்னால் மாமனாரின் கையைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

கணினி வீட்டுக்கு வந்து, படுக்கையறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையில் இடம்பிடித்தது. முதல் நாளே அது ஒரு மெல்லிய கீச்சுக்குரலை எழுப்பியது. மாமியார் வாசற்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

“என்னம்மாடி, உள்ள யாரையாவது அடைச்சு வெச்சிருக்கியா? முனகுற சத்தம் கேக்குதே.”

“பவர் சப்ளைதான் அத்தை.”

“உங்க மாமா எடுத்துக் குடுத்ததா? அப்ப முனகத்தான் செய்யும். நானும் முனகிக்கிட்டுத்தானே இருக்கேன், இத்தனை வருஷமா.”

மாமனார் வந்து குனிந்து முகர்ந்து பார்த்தார். “புதுசு. வார்னிஷ் வாசனை. ஓட ஓடப் போயிடும்,” என்றார்.

வேலை நன்றாக நடந்தது. வடிவகணித நூல் என்பது பார்வைக்கு எளிது, செய்வதற்குக் கொடுமை. முக்கோணத்தின் முனைகளில் நிற்கும் எழுத்துகள் கோட்டைத் தொடவும் கூடாது, விலகித் திரியவும் கூடாது. படம் ஒரு பக்கத்திலும் அதற்குரிய கேள்வி மறுபக்கத்திலும் விழக் கூடாது. ஒரு தேற்றத்தின் கடைசி வரி தனியே அடுத்த பக்கத்துக்குத் தாவினால், முந்தைய பக்கங்கள் அனைத்தையும் அரைக்கோடு அரைக்கோடாக நெருக்கி அதை இழுத்துக்கொண்டு வர வேண்டும். இப்படி இழுத்து வருவதில் அவளுக்கு ஒரு பிடிவாதமான மகிழ்ச்சி உண்டு. ஓர் அத்தியாயம் முடிந்ததும், அதன் பார்வைப் பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்புவாள். அச்சுக்குப் போக வேண்டிய மூலக் கோப்புகள் மிகப் பெரியவை. வீட்டு இணைப்பின் வேகத்துக்கு அவை நகரா. ஆகவே ஒவ்வொரு நாளும் வேலையை முடித்து எழுந்திருக்குமுன் அவற்றை இரண்டாவது ஹார்டு டிஸ்கிலும் படியெடுத்து வைத்துவிடுவாள். இரண்டு டிஸ்க் வாங்கியதே அதற்காகத்தான்.

பதிப்பகத்தில் நூல்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி சொல்லைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

“ஏழாவது அத்தியாயம் பார்த்தேங்க. எல்லா முனையெழுத்தும் ஒரே தூரத்துல நிக்குது. அளந்து வெச்சீங்களா?”

“ஆமாங்க.”

“இப்பல்லாம் யாரும் அளக்குறதில்ல. இயற்பியல் புத்தகமும் உங்களுக்கே வரும்னு நினைக்கிறேன். முதல்ல இதை முடிங்க.”

அன்று அவள் மாமியாரிடம் இருமுறை வலியப் பேசினாள். மாமனாருக்குத் தேநீரைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். தான் கடையில் விட்டுக்கொடுத்தது சரிதான் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அதற்கடுத்த வாரம் கணினி தானாக அணைந்தது. படங்கள் நிறைந்த பக்கங்களைத் திறந்திருந்த நேரம். போட்டதும் மீண்டும் எழுந்துகொண்டது. மறுநாளும் அப்படியே. அவள் மாமனாரை அழைத்துக் காட்டினாள். அவர் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடா இருக்கு மாமா.”

“இருக்கணும். வேலை செய்யுற சாமான் சூடாத்தான் இருக்கும். சும்மா இருக்குறதுதான் சில்லுன்னு கிடக்கும். பக்கத்துல ஒரு ஃபேனை வை.”

ஃபேனை வைத்தாள். அன்று மாலை கணவனிடம் மெதுவாகச் சொன்னாள்: “நான் சொன்ன பெட்டியை வாங்கி மாத்திடட்டுமா? என்கிட்ட அதுக்கு இருக்கு.”

கணவன் பதறினான். “இப்பவா? அவர் எடுத்துக் குடுத்ததைக் கழட்டிப் போட்டா என்ன நினைப்பாரு? வீடே ரெண்டாயிடும். இந்தப் புத்தகம் முடியட்டும். அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லி மாத்திக்கலாம்.”

“நடுவுல போச்சுன்னா?”

“போகாது. நீயா எதையாவது கிளப்பாதே.”

அவள் அதையும் மென்று விழுங்கினாள்.

கடைசி அத்தியாயம் பாதி முடிந்திருந்த ஒரு பிற்பகலில், தெரு முழுவதும் மின்சாரம் நின்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தது. ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு எழுந்தது. விசிறிகள் சுழன்றன. கூடத்தில் கணவனுடைய கணினி எதுவும் நடவாததுபோல் கண்விழித்தது. படுக்கையறையிலிருந்து மட்டும் ஒரு வெடிப்புச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் அல்ல, சிறு பட்டாசு அளவு. அவள் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் பின்புறத் துளைகளிலிருந்து சாம்பல் நிறப் புகை ஒரு நூல்போல் எழுந்து ஜன்னலை நோக்கிப் போனது. அவள் அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டாள். அழவில்லை. மனத்துக்குள் அத்தியாயங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் எதையும் திறக்கிற உரிமை ஒருவருக்குத்தான். மாமனார் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, செய்தித்தாளை விரித்து, திருப்புளியோடு உட்கார்ந்தார். கடையின் பெயர் போட்ட சிறிய சீல் ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தார். மூடியைத் தூக்கினார். மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை இருந்தது. அதில் பாதி இடம் காலியாக இருந்தது. உறுப்புகளுக்காக இட்ட துளைகள் திறந்தபடி கிடந்தன. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று வெடித்து வாயைப் பிளந்திருந்தது. காயில் கட்டைவிரல் தலை அளவுகூட இல்லை. பெட்டியின் அடித்தட்டில், இரண்டு திருகாணிகளால் இறுக்கி வைக்கப்பட்டு, ஒரு தடித்த இரும்புப் பாளம் கிடந்தது. எந்தக் கம்பியும் அதற்குப் போகவில்லை. எந்தக் கம்பியும் அதிலிருந்து வரவில்லை.

கனமான பெட்டி நல்ல பெட்டி என்று நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அப்படித் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, அவர்களுடைய கைகளுக்காகவே எவனோ ஒருவன் அந்தப் பாளத்தை வெட்டி வைத்திருக்கிறான்.

மாமனார் அதைக் கழற்றி எடுத்தார். பழக்கத்தால் அவருடைய கை அதை ஒருமுறை ஏற்றி இறக்கியது. பிறகு அந்தக் கை அப்படியே நின்றது. அவருடைய முகத்தில் எல்லாம் புரிந்துபோனது தெரிந்தது; அந்த ஒரு கணத்தில் அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மருமகள் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள்.

“இது வைப்ரேஷனுக்கு வெச்சிருக்கான்,” என்றார் அவர். “ஃபேன் சுத்தும்போது பெட்டி ஆடக் கூடாது பாரு. அதுக்கு.”

“ஆமாப்பா, இருக்கும்,” என்றான் மகன்.

“ஆடாம இருக்க இரும்பா?” என்றார் மாமியார். “அப்ப ஒரு செங்கல்லை வெச்சிருந்தா இன்னும் மலிவா முடிஞ்சிருக்குமே.”

“உனக்கு என்ன தெரியும்? உள்ள போ.”

மாமியார் உள்ளே போனார். மாமனார் பாளத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, இரண்டு திருகாணிகளையும் ஒழுங்காக முடுக்கி, மூடியை மூடினார்.

மறுநாள் அவள் கேபினெட்டைப் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் சென்றாள். மதர்போர்டு போய்விட்டது, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் போய்விட்டன. ஒரே பெட்டியிலிருந்து மின்சாரம் குடித்தவை ஒரே நேரத்தில் கருகியிருந்தன; பிராசசரும் ராமும் மட்டும் தப்பியிருந்தன. மூலத்தையும் படியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது தன் தவறு என்று அவள் தெளிவாக உணர்ந்தாள். அதை எவர்மீதும் ஏற்ற அவள் முயலவில்லை. தகவலை மீட்டுத் தரும் இடங்கள் உண்டு என்றார் பழுதுபார்ப்பவர். ஆனால் காலமும் உறுதியில்லை, பலனும் உறுதியில்லை.

பார்வைப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் புதிதாகச் செய்துவிடலாம் என்று அவள் கணக்கிட்டாள். அதற்கு ஒரு கணினி வேண்டும்.

“உங்க மெஷினைக் கொஞ்ச நாள் குடுங்க. நீங்க கணக்கு எழுதாத நேரத்துல பண்ணிக்கிறேன்,” என்று கணவனிடம் கேட்டாள்.

“அதுல வேற சாஃப்ட்வேர் எல்லாம் ஏத்த முடியாது. நாலு கடை கணக்கு இருக்கு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

“எனக்கு யாரு பதில் சொல்றது?”

“நீ அதை வேற மாதிரி எடுத்துக்காதே.”

பதிப்பகத்துப் பெண்மணி நடந்ததை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

“வருத்தமா இருக்குங்க. உண்மையாவே. ஆனா எல்லார் கம்ப்யூட்டரும் எப்பவாவது கெட்டுப்போகுது. பள்ளிக்கூடம் நமக்காக ஒரு நாள்கூடத் தள்ளித் திறக்காது. புத்தகத்தை வேற ஒருத்தர்கிட்டக் குடுத்துடுறேன்.”

“அந்த இயற்பியல்...”

“அடுத்த வருஷம் பேசலாங்க.”

அவருடைய குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியாவது பார்த்திருக்கலாம்.

இரண்டொரு நாள் கழித்து, மாமனார் தம் பழைய ஆலைத் தோழர் ஒருவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளின் காதில் அது தானாக வந்து விழுந்தது. “...ஆமா, போயிடுச்சு. கரண்டு விட்டு விட்டு வந்தா என்ன பண்ணும்? அதுவும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் போட்டே வெச்சிருந்தா எந்தச் சாமான்தான் தாங்கும்? சொன்னாக் கேக்குறதில்ல. படிச்ச பிள்ளைங்க...” அவள் கையிலிருந்த சட்டையின் மடிப்பைக் கலைத்து, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் வெளியே போய்விட்டு, கையில் ஓர் அட்டைப் பெட்டியோடும் முகத்தில் வெளிச்சத்தோடும் திரும்பி வந்தார். எல்லோரையும் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தார்.

“கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான். நல்ல மனுஷன். சீல் கிழிஞ்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. தூக்கிப் பார்க்கக்கூட இல்ல. உள்ள போனான், புதுசைக் கொண்டாந்து வெச்சான்.”

கடைக்காரர் ஏன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது மருமகளுக்கு உடனே விளங்கியது. கிழிந்த சீல் ஸ்டிக்கரைப் பற்றிப் பேச்செடுத்தால், உள்ளே என்ன இருந்தது என்ற பேச்சும் கூடவே வரும்.

மாமனார் பெட்டியைக் கையில் தூக்கினார். கண்ணை மூடினார். “அதே கனம்,” என்றார். “மதர்போர்டு ஒண்ணும், அந்த டிஸ்க் ஒண்ணும் வாங்கிட்டா இன்னிக்கே மாட்டிடலாம். என்னம்மா?”

அவள் இதற்காகக் காத்திருந்தவள் அல்லள். என்ன சொல்லப்போகிறாள் என்பது சொல்லும்வரை அவளுக்கே தெரியாது.

“மாட்டலாம் மாமா. முதல்ல இதை உங்க பிள்ளையோட மெஷின்ல மாட்டி ஒரு வாரம் ஓட்டுங்க. நல்லா ஓடுச்சுன்னா நான் வாங்கி என்னதுல மாட்டிக்கிறேன்.”

“ஐயோ, அதுல வேணாம்!” என்றான் கணவன்.

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

மாமனார் பெட்டியைக் கீழே வைத்தார். “ஏன்டா?”

“இல்லப்பா... நாலு கடை கணக்கு. ஏதாவது ஆச்சுன்னா...”

“என்ன ஆகும்?”

மகன் காலி அட்டைப் பெட்டியின் மூடியை மூடினான்.

“உன்னோடதுல என்ன மாட்டியிருக்கு? நீ கணக்கு எழுதுற கடையில குடுத்தாங்கன்னு தூக்கிட்டு வந்தே. நான் பார்க்கவே இல்ல.”

“அது... நான்தான்ப்பா வாங்கினேன். போன வருஷம்.” அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “இவகிட்டதான் எது நல்லதுன்னு கேட்டேன். இவ படிச்சுப் பார்த்துச் சொன்னா. அந்த லேசான மாதிரிதான்.”

மருமகளுக்கு அது நினைவில் இருந்தது. ஒரு நண்பருக்காக என்று சொல்லித்தான் கேட்டிருந்தான். அவளும் இரண்டு நாள் படித்துப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாள்.

“கடையில ஏன் சொல்லலை?” என்றாள்.

“அப்பா முன்னாடி எப்படிச் சொல்றது?”

“என் முன்னாடி சொல்லியிருக்கலாமே. நானும் அங்கதானே நின்னேன்.”

மாமனார் மகனை நெடுநேரம் பார்த்தார். மருமகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“ஊர் முழுக்க என் கையைப் பத்திப் பெருமை அடிப்பியேடா.”

“பெருமைதான்ப்பா,” என்றான் மகன். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கசப்பானது. அவன் அந்தக் கையைப் பற்றி உண்மையிலேயே பெருமைப்பட்டான். தன்னுடைய கணக்குகளை மட்டும் அதனிடம் ஒப்படைக்கவில்லை. மனைவியின் வேலையை ஒப்படைத்தான்.

“பேசி முடிச்சாச்சுன்னா மேசையைக் காலி பண்ணுங்க,” என்றார் மாமியார். “சாப்பாடு வைக்கணும்.”

ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் தீர்மானமானது இவ்வளவுதான். புதிய மதர்போர்டும் டிஸ்க்கும் அப்போது வாங்கப்படவில்லை. அதற்கு மருமகளிடம் பணம் இல்லை, கணவன் தருவதாகச் சொன்னதை அவள் ஏற்கவில்லை. நகரத்தின் மறுகோடியில் அழைப்பிதழும் விளம்பரத்தாளும் அடிக்கும் ஓர் அச்சகத்தில், அவர்களுடைய கணினியில் வேலை பார்க்க அவள் சேர்ந்தாள். முன்பு வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. போகவும் வரவும் இரண்டு பேருந்து. எரியாமல் தப்பிய கேபினெட்டையும் பிராசசரையும் ராமையும் அவள் அட்டைப் பெட்டியில் கட்டி, அச்சக முதலாளியின் அனுமதியோடு அங்கேயே ஒரு தட்டில் வைத்தாள். மற்ற உறுப்புகளை அடுத்த ஆண்டு ஒவ்வொன்றாக வாங்குவது என்றும், பவர் சப்ளையை முதலில் வாங்குவது என்றும், கடைக்குத் தனியாகவே போவது என்றும் கணவனிடம் சொன்னாள். தானும் கூட வருவதாக அவன் சொன்னான். வேண்டாம் என்றாள். மாற்றிக் கொடுத்த கனமான பெட்டியை எந்தக் கணினியிலும் மாட்டுவதில்லை என்று வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எவரும் மாட்டவுமில்லை.